இதயத் தளர்ச்சியும் திடீர்ச் சாவும்: 1889 முதல் 1999 வரை ஒரு கருத்தின் வரலாறு

பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்புப் பிழைத்ததை அறிந்த அக்கணமே அரியணையில் உயிர் துறந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. சுமந்திரன் வாய்மொழியால் இராமன் கானகம் சென்ற செய்தி உறுதிப்பட்டதும் தயரதன் உயிர் பிரிந்தது எனக் கம்பர் பாடுகின்றார். இச்சாவுகளுள் முன்னதனை அறத்தின் ஆணையாகவும் பின்னதனை அன்பின் எல்லையாகவும் விளக்குதல் நம் திறனாய்வு மரபு. அஃது இலக்கியத்திற்குப் பொருத்தமான விளக்கமே. காவிய மாந்தர்க்கு நாடி பார்த்து நோய் கணிக்கும் வேலையில் யாம் இறங்கப் போவதில்லை. எனினும், உள்ளத்துப் பேரதிர்ச்சி ஒருவரை நொடிப்பொழுதில் கொல்லும் என்னும் உண்மை நம் புலவர்க்குப் புதிதன்று என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வுண்மையை மருத்துவ நூலார் ஏற்றுக்கொள்ளவும், ஏற்ற பின் அச்சாவைத் தடுக்கும் வழி காணவும், எத்துணைக் காலம் ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

இவ்வரலாற்றுக்கு நடுவிடமாக ஒரு கட்டுரைத் தலைப்பை யாம் எடுத்துக்கொள்கின்றோம். 1889-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு அபர்தீன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஜான் மாக்வில்லியம், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 'கார்டியாக் ஃபெயிலியர் அண்டு சடன் டெத்' என்னும் கட்டுரையை வெளியிட்டார். இதயம் தவறுதல் ஒன்று, திடீரென இறத்தல் மற்றொன்று. இரண்டையும் 'உம்'மைத் தொடராக அவர் இணைத்தார். அத்தொடரின் முதற்சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள் அன்று இல்லை என்பதைப் பின்னர்க் காட்டுவோம். அவர் இணைத்தவை அடுத்து வந்த நூற்றாண்டில் தனித்தனியே பிரிந்து, இருவேறு மருத்துவர் குழுவினரால் ஆராயப்பட்டு, 1999-இல் ஒரே மருந்தின்கண் மீண்டும் ஒன்றுகூடின. இடைப்பட்ட காலம் 110 ஆண்டுகள்.

உரோம் நகரத்து ஆய்வு

திடீர்ச் சாவைத் தனிநூலாக எழுதி ஆராய்ந்தவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஜொவான்னி மரியா லான்சீசி. அவர் போப்பாண்டவர் பதினொன்றாம் கிளெமெந்தின் மருத்துவர். 1705, 1706 ஆகிய ஆண்டுகளில் உரோம் நகரில் பலர் முன்னறிவிப்பின்றி இறந்தனர். மக்கள் அஞ்சினர், இறைவனின் சினம் என்றும், நஞ்சு என்றும், காற்றின் கேடு என்றும் பலபடப் பேசினர். போப்பாண்டவர் இறந்தோர் உடல்களை அறுத்துப் பார்க்குமாறு பணித்தார். அதன் பயனாக 1707-இல் வெளிவந்ததே 'திடீர்ச் சாவுகளைப் பற்றி' எனப் பொருள்படும் இலத்தீன் நூல். இறந்தோர் சிலரின் இதயம் பெருத்திருந்தமையும் வேறு உறுப்புகள் பழுதுற்றிருந்தமையும் அதில் காட்டப்பட்டன. வெளிப்பார்வைக்குத் திடீரென வந்த சாவு உள்ளே நெடுநாள் முற்றியிருக்கக் கூடும் என்னும் எண்ணத்திற்கு அந்நூல் வித்திட்டது.

ஆயின் அறுவை செய்து காணும் முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. இறந்த இதயம் அசைவதில்லை. இறக்கும் நொடியில் அது யாது செய்தது என்பதை அறுக்கும் கத்தி அறியாது. பெருத்த இதயத்தோடு ஒருவர் பல்லாண்டு வாழ்ந்திருக்க, அன்று அந்த வேளையில் இறந்தது ஏன் என்ற வினாவிற்கு லான்சீசியிடம் விடை இல்லை. அதனைக் காண, சாவு மருத்துவரின் கண்முன்னே நிகழ்தல் வேண்டும். அத்தகைய கொடிய வாய்ப்பு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் குளோரோபாரத்தால் வந்தது.

குளோரோபாரமும் ஐதராபாத்தும்

எடின்பரோ நகர மருத்துவர் சிம்ப்சன் 1847 நவம்பரில் குளோரோபாரத்தை மயக்க மருந்தாகப் புகுத்தினார். மூன்று திங்கள் கழியுமுன், 1848 சனவரி 28-இல், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து அகவைச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அம்மருந்து தரப்பட்ட சில நிமிடங்களுக்குள் இறந்தாள். அவளுக்கு நெடுநோய் எதுவும் இல்லை. அறுவையும் சிறிது, மருந்தின் அளவும் மிகுதியன்று. அவளுக்குப் பின்னும் இத்தகைய சாவுகள் தொடர்ந்தன. வலுவான இளைஞர், அறுவை தொடங்கும் முன்னரே, மயக்கம் ஆழமாகாத நிலையில், சட்டென இறந்தனர்.

இதனை விளக்குவதில் மருத்துவர் இரு கட்சியாயினர். குளோரோபாரம் மூச்சை நிறுத்துகின்றது, மூச்சு நின்றபின்னரே இதயம் நிற்கின்றது. ஆதலின் மூச்சைக் கவனித்தால் போதும் என்றது எடின்பரோக் கட்சி. இதயமே முதலில் தாக்குறுகின்றது; நாடியில் எப்போதும் கைவைத்திருத்தல் வேண்டும் என்றது இலண்டன் கட்சி.

இச்சொற்போரின் முக்கியக் களமாக நம் நாட்டு ஐதராபாத் அமைந்தமை பலர் அறியாதது. ஆங்கே ஆங்கில அரசின் அறுவை மருத்துவராகவும் மருத்துவப் பள்ளித் தலைவராகவும் இருந்த எட்வர்டு லாரி எடின்பரோவில் பயின்றவர். தம் ஆசானின் கொள்கையில் அசையா உறுதி பூண்டவர். நிசாம் மன்னரின் ஆதரவோடு 1888-இல் குளோரோபார ஆணையம் ஒன்றை அமைத்து விலங்குகளிடம் ஆய்வு நடத்தினார். எல்லாவற்றிலும் மூச்சே முதலில் நின்றது என்று முடிவு கூறினார். இலண்டன் 'லான்செட்' இதழ் ஐயுற்றது. தம் பொருட்செலவிலேயே அவ்விதழ் ஒருவரை அனுப்பி உண்மை காணலாம் என நிசாம் அறிவித்தார். அவ்வாறே லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருந்தியல் அறிஞர் 1889-இல் ஐதராபாத் வந்தார். கருத்தில் மாறுபட்டு வந்த அவரும் ஆய்வுகளைக் கண்டபின் லாரியின் பக்கமே சாய்ந்தார். இரண்டாம் ஆணையமும் முதல் ஆணையத்தின் முடிவையே உறுதி செய்தது.

முடிவு பிழையானது. ஆய்வு நேர்மையற்றதா என்றால், இல்லை. கண்டதைத்தான் எழுதினர். பிழை ஆய்வின் அமைப்பில் இருந்தது. ஐதராபாத்தில் விலங்குகளுக்கு மருந்து மிகுதியாகத் தரப்பட்டது. மிகுதியான மருந்தால் இறக்கும் உயிரிக்கு மூச்சே முதலில் ஒடுங்கும். மருத்துவமனையில் இறந்த மாந்தரோ சிறிதளவு மருந்தால், அரைமயக்க நிலையில், அச்சமும் நடுக்கமும் நீங்காத வேளையில் இறந்தனர். வேறொரு சாவை ஆராய்ந்துவிட்டு இந்தச் சாவுக்கு விடை கூறியதே ஐதராபாத்தின் பிழை. பாட வேறுபாட்டு ஆராய்ச்சியில் ஏடுகளின் எண்ணிக்கையை நம்பி, அவை யாவும் ஒரே மூல ஏட்டின் படிகள் என்பதை மறந்துவிடுவோர் படும் இடர் இதுவே. ஏடு எத்தனை என்பதைக் காட்டிலும் எவ்வழி வந்தது என்பது பெரிது.

இம்மறைபொருளை 1911-இல் கூட்மன் லீவி வெளிப்படுத்தினார். பூனைகளுக்குக் குளோரோபாரத்தைச் சிறிதளவே தந்து, அந்நிலையில் அட்ரினலின் என்னும் சுரப்பு நீரைச் செலுத்தினார். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கின, விலங்கு இறந்தது. மயக்கம் ஆழமாயிருப்பின் இவ்வாறு நேர்வதில்லை. அச்சம் கொண்ட உடல் தானே சுரக்கும் நீர் அட்ரினலின். எனவே ஹன்னா கிரீனரைப் போன்றோரின் சாவில் மருந்துக்குப் பங்குண்டாயின் அச்சத்திற்கும் பங்குண்டு. நெடுஞ்செழியனையும் தயரதனையும் முதற்கண் நினைவூட்டியதன் காரணம் இப்போது விளங்கும்.

அபர்தீன் பேராசிரியர் கண்டது

லீவிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஐதராபாத்தின் இரண்டாம் ஆணையம் கூடிய அதே 1889-இல், மாக்வில்லியம் உண்மையின் வாயிலில் நின்றார். மின்னோட்டம் தாக்கிய விலங்கின் இதயம் நடுங்கி இறத்தலை 1850-இலேயே லுத்விக்கும் ஹோஃபாவும் கண்டு எழுதியிருந்தனர். அஃது ஆய்வுக்கூடத்து விந்தை என விடப்பட்டது. மாந்தரின் திடீர்ச் சாவும் அந்நடுக்கமே என்று துணிந்து கூறியவர் மாக்வில்லியம்.

அவருக்கு முன் நிலவிய கொள்கை யாது? திடீரென இறப்பவரின் இதயம் விளக்கணைந்தாற்போல் அசைவற்று நின்றுவிடுகின்றது என்பதே. மாக்வில்லியம் அதனை மறுத்தார். இதயத் தசையின் நார்கள் ஒருங்கே சுருங்குதலை விடுத்துத் தனித்தனியே துடிக்கின்றன. ஆயிரம் பேர் ஒரு தேரை ஆளுக்கொரு திசையில் இழுப்பின் தேர் நகராது. ஆயினும் ஒருவரும் சும்மா நிற்கவில்லை. அவ்வாறே நடுங்கும் கீழறைகள் குருதியை வெளியே தள்ள இயலாமல் விரிந்து நிரம்புகின்றன, குருதியழுத்தம் வீழ்கின்றது, சாவு நேர்கின்றது. சாகும் இதயத்தில் குறைவது ஆற்றலன்று, ஒழுங்கு என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வேறுபாடு சொல் பற்றிய வெறும் நுணுக்கமன்று. நின்றுவிட்ட ஒன்றை மீண்டும் இயக்குதல் வேறு. ஒழுங்கிழந்து ஓடுவதை ஒரு நொடி நிறுத்தி ஒழுங்குபடுத்துதல் வேறு. பிந்தையதற்கு வழி உண்டு. 1899-இல் ஜெனீவா நகர ஆய்வாளர் பிரெவோவும் பத்தெல்லியும், மெல்லிய மின்னோட்டம் நாயின் இதயத்தில் நடுக்கத்தை எழுப்புவதையும் வலிய மின்னோட்டம் அதனை அடக்குவதையும் கண்டனர். மாக்வில்லியத்தின் கருத்தையும் இவர்களின் கண்டுபிடிப்பையும் அன்றே யாரேனும் அடுத்தடுத்து வைத்து எண்ணியிருப்பின்! எவரும் எண்ணவில்லை. மனிதரின் இதயம் நடுங்குவதைக் கண்டார் எவரும் இலர். பார்க்க மார்பைத் திறத்தல் வேண்டும். ஐந்தோவன் அமைத்த மின்பதிவுக் கருவி பரவி வந்த பின்னரே உடலைத் திறவாமல் இதயத்தின் ஒழுங்கைக் காண முடிந்தது. மாக்வில்லியம் 1923-இல் அதே இதழில் மீண்டும் எழுதித் தம் பழைய கருத்தை நினைவூட்டினார். 1937-இல் மறைந்தார். மாந்தர் இதயத்தின் நடுக்கம் மின்தாக்கால் முதன்முதல் தீர்க்கப்பட்டது அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1947-இல், கிளீவ்லாந்து நகரில். குளோட் பெக் என்னும் அறுவை மருத்துவர், மார்பு திறந்த நிலையில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அவ்வாறு உயிர்ப்பித்தார்.

பிரிந்தோடிய இரண்டு ஆறுகள்

இனி மாக்வில்லியத்தின் தலைப்பில் உள்ள முதற்சொல்லுக்கு வருவோம். 'கார்டியாக் ஃபெயிலியர்' என அவர் எழுதியபோது குறித்தது இதயம் திடுமெனத் தன் வேலையில் தவறுதலை. அச்சொல் பின்னர்ப் பொருள் மாறிற்று. இன்று அது, இதயம் உடலுக்கு வேண்டிய அளவு குருதியைத் தள்ள இயலாமல் திங்களும் ஆண்டும் நலிந்துகொண்டே போகும் நெடுநோயைக் குறிக்கின்றது. மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், சோர்வு என்பன அதன் குறிகள். பழைய மருத்துவம் இதனை நீர்வீக்கமாகவே கண்டது. வீங்குவது காலாயினும் குறை நெஞ்சில் என்பது தெளிவுபட நெடுங்காலம் ஆயிற்று.

அந்நெடுநோயின் மருத்துவ வரலாற்றில் வில்லியம் வித்தரிங் 1785-இல் வெளியிட்ட நூல் ஒரு மைல்கல். ஷ்ரொப்ஷயர்ப் பகுதியின் மூதாட்டி ஒருவர் காத்து வந்த வீட்டு மருந்தில் நரிக்கையுறைச் செடி இருப்பதை அறிந்து, பத்தாண்டுகள் அதனை ஆராய்ந்து, தேறியோரையும் தேறாதோரையும் ஒளிக்காமல் எழுதினார் அவர். அம்மூதாட்டிக்கு 'அன்னை ஹட்டன்' எனப் பெயர் சூட்டி எழுதுவோர் உளர். வித்தரிங்கின் நூலில் அப்பெயர் இல்லை. 1928-இல் மருந்து வணிக விளம்பரம் ஒன்றில் பிறந்த பெயர் அது. பெயரில்லாத நாட்டுப்புறப் பெண்ணுக்குப் பெயர் தேடும் ஆர்வம் எங்கும் உள்ளதே. அச்செடியின் சாரமாகிய டிஜிட்டாலிஸ் இருநூறு ஆண்டுகள் இதய மருந்துகளின் அரசாக விளங்கிற்று. 6,800 நோயாளரிடம் நிகழ்ந்து 1997-இல் வெளிவந்த ஆய்வு, அம்மருந்து மருத்துவமனையில் சேரும் தேவையைக் குறைக்கின்றது, ஆயின் சாவைக் குறைக்கவில்லை என்று காட்டியது.

இவ்வாறு நெடுநோயை ஆராய்ந்தோர் இதயத்தின் ஆற்றலைக் கூட்டும் மருந்துகளைத் தேடினர். தளர்ந்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது போன்ற மருத்துவம் அது. திடீர்ச் சாவை ஆராய்ந்தோரோ மின்கருவிகளைத் தேடினர். இவ்விரண்டாம் ஆற்றின் போக்கைச் சுருங்கக் கூறுவோம். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின்பொறியியல் பேராசிரியர் கூவன்ஹோவன், மின்கம்பத் தொழிலாளர் சாவைத் தடுக்கும் வழி தேடி ஆய்வு செய்து வந்தார். 1958-இல் அவருடைய உடனாய்வாளர் நிக்கர்பாக்கர், மின்தகடுகளை நாயின் மார்பில் அழுத்தும்போதெல்லாம் அதன் குருதியழுத்தம் சற்றே உயர்வதைக் கண்டார். அந்தச் சிறு காட்சியிலிருந்து வெறுங்கையால் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறை பிறந்தது. 1960-இல் ஜூடும் சேர்ந்து மூவராக அதனை வெளியிட்டனர். கருவி ஏதும் வேண்டா, எங்கும் எவரும் செய்யலாம் என்பதே அம்முறையின் பெருமை. மார்பைத் திறவாது மின்தாக்குத் தரும் கருவியைச் சோல் 1956-இலும், நேர்மின்னோட்டத்தால் அதனைத் திருத்தமுறச் செய்யும் முறையை லவுன் 1962-இலும் வெளியிட்டனர்.

இவையெல்லாம் சாவு வந்தபின் துரத்துவன. வருமுன் உடலுக்குள்ளேயே காவல் வைக்க எண்ணியவர் மிசெல் மிரோவ்ஸ்கி. வார்சாவில் பிறந்து இசுரேலில் மருத்துவம் புரிந்த அவருடைய மூத்த மருத்துவரும் வழிகாட்டியுமாகிய ஹாரி ஹெல்லர் இதய ஒழுங்கின்மையால் 1966-இல் திடீரென இறந்தார். அவரைக் காத்திருக்க வேண்டுமாயின் மருத்துவமனையிலேயே வாழ்நாள் முழுதும் கிடத்தியிருத்தல் வேண்டும். அல்லது மருத்துவமனையின் கருவியை அவருடைய உடலுக்குள் வைத்திருத்தல் வேண்டும். மிரோவ்ஸ்கி இரண்டாவதைத் தேர்ந்தார். பால்டிமோர் சென்று மார்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்தார். மின்தாக்குக் கருவிக்குப் புகழ் தேடித் தந்த லவுனே 1972-இல் இம்முயற்சியை வன்மையாக எதிர்த்து எழுதினார். பணமும் ஆதரவும் எளிதிற் கிட்டவில்லை. எனினும் 1980 பிப்பிரவரியில் முதற்கருவி ஒரு நோயாளியின் உடலில் வைக்கப்பட்டது. 1985-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

முன்னறிகுறியை அடக்கிய மருந்துகள்

கருவி விலைமிக்கது, மருந்து எளிது. ஆதலின் மருந்தால் நடுக்கத்தைத் தடுக்க முடியுமா என்ற முயற்சியும் உடன் நிகழ்ந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்தோரில், இடையிடையே பிறழ்ந்த துடிப்பு மிகுதியாக உடையோர் திடீரென இறக்கும் இடர் மிகுதி என்பது அறியப்பட்டிருந்தது. எனவே அப்பிறழ்துடிப்பை அடக்கினால் சாவும் அடங்கும் எனக் கருதினர். எவருக்கும் ஐயம் எழாத அளவுக்கு இயல்பான கருத்து. அமெரிக்காவில் தொடங்கிய 'காஸ்ட்' என்னும் ஆய்வு இதனை நேரிற் சோதித்தது. பிறழ்துடிப்பை நன்கு அடக்குவனவாகக் கண்ட என்கைனைடு, பிளெக்கைனைடு என்னும் மருந்துகளை ஒரு சாரார்க்கும், மருந்தற்ற போலி மாத்திரையை மறு சாரார்க்கும் தந்தனர்.

1989-இல் ஆய்வின் இப்பகுதியை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. 1991-இல் வெளியான முழுக்கணக்கின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். குறி அடங்கிற்று, உயிரும் அடங்கிற்று. நூறாண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் நிகழ்ந்த பிழையின் உறவினன் இது. அங்கே வேறொரு சாவை ஆராய்ந்தனர். இங்கே சாவின் நிழலை ஆராய்ந்தனர். எனினும் ஒரு வேற்றுமையைப் போற்றியாதல் வேண்டும். ஐதராபாத் ஆணையத்தில் எதிர்க்கட்சியாரும் உடன்பட்டுப் போயினர். 'காஸ்ட்' ஆய்வில் மருந்து கொள்வோர், கொள்ளாதோர் என நடுநிலையாகப் பிரித்த கணக்கு, எவருடைய உடன்பாட்டையும் நோக்காது உண்மையைப் பேசியது.

தடுக்கப்பட்ட அட்ரினலின்

லீவியின் பூனைகள் காட்டிய வழி ஒன்று இருந்தது. அட்ரினலின் இதயத்தை நடுங்கச் செய்யுமாயின், அது இதயத்தை எட்டாதவாறு மறிப்பது எவ்வாறு? 1948-இல் அமெரிக்க அறிஞர் அல்குவிஸ்ட், அட்ரினலின் உடலில் பற்றுமிடங்கள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என்றார். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காத்லாந்தியர், பீட்டா வகையை மறிக்கும் புரோப்பிரனலால் மருந்தை 1964-இல் அறிவித்தார். மார்புவலிக்கு, இதயத்தின் வரவைப் பெருக்க முயலாது செலவைக் குறைப்போம் என்பது அவர் கொள்கை. 1988-இல் நோபல் பரிசு பெற்றார். மாரடைப்புற்றுத் தேறியோரின் சாவை இவ்வகை மருந்துகள் குறைக்கும் என்பதை நார்வே நாட்டு ஆய்வு 1981-இல் நிறுவியது.

இம்மருந்தை இதயத் தளர்ச்சி உடையார்க்குத் தரலாகாது என்பது அக்காலத்துப் பாடநூல்களின் கட்டளை. காரணம் வலிமையானது. தளர்ந்த இதயம் அட்ரினலின் தூண்டுதலாலன்றோ எப்படியோ இயங்கிக்கொண்டிருக்கின்றது? ஊன்றுகோலைப் பறித்தால் கிழவன் வீழ்வான். சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டீனும் அவர் குழுவினரும் இக்கட்டளையை மீறினர். மிக நலிந்த ஏழு நோயாளர்க்குச் சிறிது சிறிதாக இம்மருந்தைத் தந்து, அவர்கள் தேறியதை 1975-இல் வெளியிட்டனர். ஏழு பேர்தாமே என்று உலகம் புறக்கணித்தது. இருபது ஆண்டுகள் அக்கருத்து ஓரத்தில் நின்றது.

ஊன்றுகோல் உவமை ஏன் பொருந்தவில்லை? தளர்ந்த இதயத்தை உடல் அட்ரினலினால் ஓயாது விரட்டுகின்றது. சில நாழிகைக்கு அது உதவி; சில ஆண்டுகட்கு அது கேடு. தசை தேய்கின்றது, அறை விரிகின்றது, விரிந்த தசையில் வடு படர்கின்றது. வடுவுற்ற தசையில் அதே அட்ரினலின் ஒருநாள் நடுக்கத்தை எழுப்புகின்றது. மெல்லக் கொல்வதும் விரைந்து கொல்வதும் ஒன்றே. ஆதலின் ஒன்றை மறித்தால் இரண்டும் குறைதல் வேண்டும்.

1996-இல் கார்வெடிலால் பற்றிய அமெரிக்க ஆய்வு நம்பிக்கை தந்தது. ஐயத்தை அறுத்தவை 1999-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெட்டோபுரோலால் மருந்தைப் பற்றியதும் 3,991 நோயாளரைக் கொண்டதுமான அவ்வாய்வில், மருந்து பெற்றாருள் 145 பேரும் பெறாதாருள் 217 பேரும் இறந்தனர். இவற்றுள் தளர்ச்சி முற்றி இறந்தோர் முறையே 30, 58. திடீரென இறந்தோர் முறையே 79, 132. இவ்வெண்களை மாக்வில்லியத்தின் தலைப்பின்கீழ் எழுதி வைத்தல் பொருந்தும். அவர் நடுவில் இட்ட 'உம்' என்னும் இடைச்சொல், அவர் எண்ணியும் பாராத பொருளில் மெய்யாயிற்று.

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறலாம். இதயத்தின் தள்ளுதிறன் மிகக் குறைந்தோர்க்கு, நடுக்கம் ஒருமுறையேனும் வரும் வரை காத்திராமல் முன்கூட்டியே கருவி வைத்தல் உயிர் காக்கும் என்பதை 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஸ்பைரனோலாக்டோன் முதலிய வேறு மருந்துகளும், சர்க்கரை நோய்க்கென வந்து 2019-இல் இதயத்திற்கும் நலம் செய்வதாக நிறுவப்பட்ட டாபாகிளிபுளோசினும் துணை சேர்ந்தன. உயர்குருதியழுத்தத்தைக் காலத்தே குறைத்தால் தளர்ச்சி தோன்றுதலே அரிதாகும் என்பது முதியோரிடம் செய்த ஆய்வால் 1991-இல் தெளிவாயிற்று. 1995 முதல் 2014 வரை நிகழ்ந்த பன்னிரண்டு ஆய்வுகளில் பங்குற்ற 40,195 இதயத் தளர்ச்சி நோயாளரின் கணக்கை ஒருங்கே நோக்கி 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களிடையே திடீர்ச் சாவின் வீதம் 44 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அவ்வாய்வுகளில் எடுத்துக்கொண்டோர் உடலுள் கருவி வைக்கப்பெறாதவர் என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சொற்கள் பற்றி

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவருள் முன்னோடியாகிய யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவர் கிரீன் 1873-இல் தாயகம் திரும்பிவிட்டார். மாக்வில்லியத்தின் கட்டுரை வெளிவர அப்போது பதினாறு ஆண்டுகள் இருந்தன. எனவே 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய அவர் நூல்களில் இந்நிலைகளுக்குப் பெயர் தேடுதல் பொருந்தாது. நாம் இன்று வழங்கும் சொற்கள் பிற்காலத்தன. அவற்றை ஆராயும் கடன் தமிழ்த்துறையார்க்கு உண்டு.

நாளிதழ்களில் திடீரென இறந்தார் எவராயினும் 'மாரடைப்பால் காலமானார்' என்றே எழுதக் காண்கின்றோம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதி தரும் நாளம் அடைபடுதல். சொல்லின் உறுப்பிலேயே அடைப்பு இருத்தலின் அந்நோய்க்கு அது மிகப் பொருத்தமான பெயர். அடைப்பு நேர்ந்தோர் பலர் அறிவு தெளிந்து, வலியைத் தம் வாயாற் கூறி, மருத்துவமனை சென்று பிழைக்கின்றனர். கீழறை நடுங்கி வீழ்ந்தவர் பேசார். அவருக்கு மூச்சும் நாடியும் இரா. அருகிருப்போர் அக்கணமே நெஞ்சை அழுத்தத் தொடங்குதல் வேண்டும். இருநிலைக்கும் ஒரே பெயர் வழங்கின், வீழ்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஊர்தி தேடி ஓடுதலே நிகழும். அழுத்த வேண்டிய கைகள் சுமந்துகொண்டிருக்கும்.

இதற்கென வழங்கும் 'இதய நிறுத்தம்' என்ற சொல்லையும் யாம் முழுதும் ஏற்கவில்லை. மாக்வில்லியம் மறுத்த பழங்கொள்கையை அச்சொல் தன்னுள் காத்து வைத்திருக்கின்றது. நின்றதும் உண்டு, நடுங்குவதும் உண்டு. இரண்டிலும் குருதியோட்டம் முடங்குகின்றது. ஆதலின் 'இதய முடக்கம்' என்பது இரண்டையும் தழுவும்; மின்தாக்கால் தீரத்தக்க வகையைக் 'கீழறை நடுக்கம்' எனப் பிரித்துக் கூறலாம்.

மிகுந்த இடர் விளைப்பது மூன்றாவது சொல். நெடுநோய்க்கு 'இதயச் செயலிழப்பு' என்னும் பெயர் பெருவழக்காகிவிட்டது. செயலிழந்தது என்றால் தமிழ் கேட்கும் செவிக்கு முடிந்தது என்றே பொருள்படும். அப்பெயரைக் கேட்ட நோயாளியும் சுற்றத்தாரும், இனி மருந்தால் ஆவது என்ன என்று எண்ண இடமுண்டு. அந்நோயிலோ நாள்தோறும் தவறாமல் உண்ணும் மருந்தே நலிவையும் திடீர்ச் சாவையும் ஒருங்கே தள்ளிப்போடுகின்றது. உப்பைக் குறைத்து, உடல் எடையை நாளும் பார்த்து வருதலும் அவரால் இயலக்கூடிய செயல்கள். ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளை, அம்மொழியே அதனைக் கைவிட்ட பின், தமிழ் தாங்கிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. தளர்ந்தது தேறும், தேறாவிடினும் தாங்கும். எனவே இக்கட்டுரை முழுதும் 'இதயத் தளர்ச்சி' என்றே எழுதினோம். அகராதி தொகுப்போரும் மருத்துவமனைகளுக்குத் தமிழில் அறிவிப்பு எழுதித் தருவோரும் இதனினும் பொருத்தமான சொல் கண்டால் அதனை வெளியிடுவாராக. அதுகாறும் இதனை வழங்கிப் பார்க்கலாம்.